கண்படாத திருத்தம்

திரையின் அடியில் ஒற்றை வரி வந்து நிற்கும்: இத்தனை கோப்புகளில் இத்தனை இடங்களில் மாற்றியாயிற்று. நோட்பேட் பிளஸ் பிளஸ் புழங்குகிறவர்களுக்கு அந்த வரி பழக்கம். செட், பெர்ல், பைத்தான் என்று கறுப்புத் திரையில் வேலை செய்பவர்களுக்கு அதுவும் வராது. கர்சர் அடுத்த வரிக்கு இறங்கிக் கண்சிமிட்டினால் வேலை முடிந்தது என்று பொருள். ஒரு ஃபோல்டர் நிறையக் கதைகள், கட்டுரைகள், முன்னுரைகள், இறந்துபோன ஒருவருடைய கடிதங்கள். அவற்றில் ஒரு குறிப்பிட்ட எழுத்துச் சேர்க்கை இருந்த இடத்திலெல்லாம் இப்போது இன்னொன்று இருக்கிறது. டீ கிளாஸை மேசையில் வைப்பதற்குள் முடிந்துவிடும் காரியம். முதலில் வருவது நிம்மதிதான்; கையால் செய்திருந்தால் மாதக்கணக்கில் இழுத்திருக்கும். அந்த நிம்மதிக்குப் பிறகு மெதுவாக வந்து உட்கார்ந்துகொள்கிற ஒன்றைத்தான் எனக்கு என்னவென்று சொல்லத் தெரியவில்லை. தவறு நடந்துவிட்டதோ என்ற பயம் என்று அதைச் சொல்ல முடியாது. தவறே நடக்காதபோதும் வருகிறது. அத்தனை பக்கங்கள் மாறியிருக்கின்றன, மாறும்போது அவற்றை யாரும் வாசிக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன்.

என் வேலை பெரிய வேலை ஒன்றும் இல்லை. பழைய டிடிபி கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, மறுபதிப்பாகவோ மின்னூலாகவோ போடும்படி ஒழுங்குசெய்து கொடுப்பது. தாம்பரத்தில் இருப்பவனுக்கு இதற்குப் பஞ்சமில்லை. மேற்குத் தாம்பரத்தில் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து சண்முகம் சாலையின் காய்கறி, பூ, பாத்திரக்கடை நெரிசலுக்குள் புகுந்தால், 90களின் பிற்பாதியில் அந்தப் பக்கத்துச் சந்துகளில் மாடிப்படிக்குக் கீழேயும் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னாலுமாக டிடிபி சென்டர்கள் இருந்தன. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கல்லூரி மாணவர்களின் பிராஜெக்ட் ரிப்போர்ட், தாலுகா ஆபீஸ் மனு. நடுநடுவே ஒரு தமிழாசிரியர் சொந்தச் செலவில் போடும் கவிதைத் தொகுப்பு, பணம் சேர்ந்த மாதத்தில் மட்டும் வரும் ஒரு சிற்றிதழ். பேஜ்மேக்கர் 6.5. கடைக்கு ஒரு ஃபாண்ட்: பாமினி, வானவில், ஸ்ரீலிபி. சூடான டோனர் வாசனை, மின்விசிறிக் காற்றில் படபடக்கும் டிரேசிங் பேப்பர், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆபரேட்டரின் தோளுக்கு மேலாகத் திருத்தம் சொல்லும் கவிஞர். இன்று அந்தக் கடைகளில் பாதி, செல்போன் உறை விற்கின்றன. கோப்புகள் மட்டும் வெள்ளிப்பூச்சு உரிந்த சி.டி.க்களில் வந்து சேருகின்றன.

அந்தக் கோப்பை ஃபாண்ட் இல்லாமல் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே தமிழ் கிடையாது. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், கணினியின் கணக்கில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. காற்புள்ளி விசையில் 'இ' உட்கார்ந்திருக்கும். காற்புள்ளியே வேண்டுமென்றால் 'இதைவிடப் பெரியது' என்ற கணக்குக் குறியை அடிக்க வேண்டும். பழகிய ஆபரேட்டருக்கு அதெல்லாம் விரலிலேயே இருக்கும். ஆனால் ஒரு தொகை வந்தால் அவர் ஆங்கில ஃபாண்டுக்குத் தாவி 10,000 என்று அடித்துவிட்டுத் திரும்பத் தமிழுக்கு வந்திருப்பார். கோப்பை வெறும் உரையாக இறக்கும்போது எந்த இடத்தில் எந்த ஃபாண்ட் என்ற தகவல் கழன்றுபோகும். மொத்தமாக மாற்றினால் 10இ000 என்று வந்து நிற்கும். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதற்கும் அதே கதி. 'மில்க்' என்ற நாலெழுத்து ஆங்கிலச் சொல் இந்த வழியாக வந்தால் 'அடைம' ஆகிவிடும். இணையத்தின் பழைய தமிழ்ப் பக்கங்களில், முக்கியமாக இலங்கையிலிருந்து வந்தவற்றில், காற்புள்ளி வரவேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாமல் ஓர் 'இ' நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்தை எவருமே வாசிக்காமல் மாற்றினார்கள் என்பதற்கு அந்த ஒற்றை எழுத்தே சாட்சி.

மாற்றுவதிலும் வரிசை தப்பக் கூடாது. பழைய குறியீடுகள் பெரும்பாலும் கண் பார்க்கும் வரிசையிலேயே எழுத்தைச் சேமித்தன. கையால் எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோமே, அப்படி. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால். 'கொ'வுக்குக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. 'கொ'வை முதலில் மாற்றிவிட்டுத்தான் 'கெ'வுக்கு வரவேண்டும். மாற்றிச் செய்தால் ஒரு 'கெ'வும் தனியே ஒரு காலும் கிடைக்கும். திரையில் 'கொ' போலவே தெரியும், பல நிரல்களில் தேடினால் அகப்படாது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட நூல்கள் தனி ஃபாண்டிலிருந்து திஸ்கி என்ற குறியீட்டுக்கும் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கும் இப்படித்தான் கூட்டம் கூட்டமாகக் குடிபெயர்ந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்று வேறு இரண்டு குறியீடுகளைப் பரிந்துரைத்தது. அவற்றில் ஏறிய நூல்களும் பிறகு இறங்கி நடக்க வேண்டியிருந்தது. சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இல்லாமல் இருந்திருந்தால் இன்று இணையத்தில் தேடிப் படிக்கிற தமிழில் பெரும்பகுதி அந்தச் சி.டி.க்களோடேயே உரிந்து போயிருக்கும். என் பிழைப்பும் அவற்றின் தயவில்தான் ஓடுகிறது. ஆகவே யந்திரத்தைத் திட்டுகிற கட்டுரை என்று இதை யாரும் நினைத்துவிட வேண்டாம்.

என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டது ஔகாரம். பழைய ஃபாண்டுகளிலும் சரி, அதற்கு முன் தட்டச்சு இயந்திரத்திலும் சரி, 'மௌ' என்று அடிக்க ஒரு கொம்பு, ஒரு ம, ஒரு ள. ஔகாரத்தின் வாலுக்கென்று தனி விசை எதற்கு என்று ளகரத்தையே வைத்துச் சமாளித்துவிட்டார்கள். தாளில் பார்ப்பவருக்கு அது போதும். 'மௌனம்' என்று வரும் இடத்தில் மௌனம் என்றும், 'மெள்ள' என்று வரும் இடத்தில் மெள்ள என்றும் வாசித்துக்கொள்வார். அவருக்குத் தமிழ் தெரியும். கோப்புக்குத் தெரியாது. யூனிகோடுக்குக் கொண்டுவரும்போது இந்த ள ளகரமா, ஔகாரத்தின் வாலா என்று யாராவது தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் ளகரமாகவே விட்டால் 'மெளனம்', 'கெளரவம்', 'வெளவால்' என்று கிடைக்கும். கண்ணுக்குப் பழுதில்லை, அகரவரிசையில் மட்டும் வேறெங்கோ போய் உட்காரும். எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் 'தெளிவு' உடைந்து 'தௌிவு' ஆகும், 'வெளிநாடு' 'வௌிநாடு' ஆகும். இகரக் கொக்கி ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தைப் பற்றிக்கொண்டு அந்தரத்தில் தொங்கும். செய்தித் தளங்களில் இந்த 'வௌிநாடு' இன்னமும் வருகிறது. கெளுத்தி மீனுக்குக்கூட விமோசனமில்லை. ஆகவே விதியைக் கூர்தீட்ட வேண்டும்: கொம்பு பெற்ற எழுத்தை அடுத்து வரும் ளகரம், தன்மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இல்லாமல் வெறுமனே நின்றால் மட்டும் அதை ஔகாரமாக்கு. 'தெளிவு' பிழைக்கும், 'வெள்ளம்' பிழைக்கும், 'மௌனம்' சரியாகும். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் அரை வரி. எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றுகிற அரை வரி.

கரிசல் பேச்சில் எழுதப்பட்ட ஒரு கதைத்தொகுப்பு வந்தது. நகலெடுத்து வைத்துக்கொண்டு, எத்தனை இடம் மாறும் என்று பட்டியல் மட்டும் போடச் சொன்னேன். வாசலில் கிடந்த 'வெளக்குமாறு' 'வௌக்குமாறு' ஆகக் காத்திருந்தது. 'வெளஞ்ச' சோளம் 'வௌஞ்ச' சோளமாக. பிள்ளைகளின் 'வெளயாட்டு'ம் அப்படியே. எழுத்துத்தமிழில் அந்த விதி அநேகமாக எங்கேயும் பிசகாது, ஏனென்றால் எழுத்துத்தமிழை மனதில் வைத்துத்தான் அதை எழுதியிருந்தோம். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதிய ஒருவரிடம் வந்ததும் அது அத்துமீறுகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். மொத்தமாகத் திருத்துகிற எந்த விதியும் பெரும்பான்மையின் பக்கம்தான் நிற்கும். எண்ணிக்கையில் குறைந்ததை அது பிழை என்றே எண்ணும். 'அய்யா'வை எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பகத்தின் நடைக்கையேட்டில் 'ஐயா' என்றுதான் இருக்கிறது, எல்லாவற்றையும் சீராக்குங்கள் என்பார்கள். ஐகாரத்தை 'அய்' என்றும் ஔகாரத்தை 'அவ்' என்றும் எழுதினால் போதும் என்று பெரியார் சொன்னது, எழுத்துக் குறைப்பு பற்றிய ஒரு தரப்பு. அவர் முன்வைத்தவற்றில் ணா, றா, னா, லை, னை போன்ற 13 எழுத்துகளின் புதிய வடிவத்தை 1978 அக்டோபரில் அரசு ஆணையாக எடுத்துக்கொண்டது. 'அய்'யையும் 'அவ்'வையும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்காமல் விட்டதனாலேயே ஒருவர் 'அய்யா' என்றோ 'அவ்வை' என்றோ எழுதும்போது அதில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதும் சில சமயம் சேர்ந்து வருகிறது. அதைச் சீராக்குவதற்கு எனக்கு ஒரு விநாடி போதும். (வேடிக்கை என்னவென்றால், 78ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தைப் பழைய வடிவத்துக்குத் திருப்ப வேண்டுமானால் யூனிகோடில் ஒரு கோப்பையும் தொட வேண்டாம். எழுத்தின் எண் ஒன்றேதான். ஃபாண்டை மாற்றினால் யானைக்கொம்பு 'னை' திரும்ப வந்துவிடும். அத்தனை சச்சரவும் எழுத்தின் மேல்தோலோடு முடிந்துவிட்டதாகக் கணினி நினைக்கிறது.)

தமிழ் நூல்களில் பிழையும் திருத்தமும் புதிதில்லை. ஏடு பெயர்த்தவர்கள் வரியை விட்டிருக்கிறார்கள், புரியாத சொல்லுக்குப் புரிந்த சொல்லைப் போட்டிருக்கிறார்கள், சுவடியில் மெய்க்குப் புள்ளி இல்லாததால் எதையோ எதுவாகவோ படித்திருக்கிறார்கள். அச்சுக்கோப்பவர்கள் 'ன'வுக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து வேறோர் எழுத்தை எடுத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செருகியவர்களும் உண்டு. ஆனால் இவர்கள் எல்லோரிடமும் ஒன்று பொது. எழுத்தை மாற்றிய கணத்தில் அந்த எழுத்து அவர்கள் கண்முன் இருந்தது. தூக்கக் கலக்கத்திலோ, கூலிக்கு அவசரப்பட்டோ, அந்த வரியை ஒரு மனிதர் கடந்துபோய்த்தான் அது மாறியது. பிழையிலும் ஒரு வாசிப்பு இருந்தது. இந்த ஆள் இதை இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று பின்னால் வருகிறவர் ஊகிக்க முடிந்தது. நூல்களின் இத்தனை நூற்றாண்டு வாழ்வில், வாசிக்கப்படாமலேயே ஒரு பிரதி மாறுவது என்பது எங்கள் தலைமுறையில் வந்த காரியம் என்று தோன்றுகிறது. இதை மிகைப்படுத்துகிறேனோ என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. கூலிக்கு ஏடெழுதியவர் உண்மையில் வாசித்தாரா? மெய்ப்புப் பார்க்கிறவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் வாசிக்கிறார்களா, வரிமேல் கண்ணை இழுத்துக்கொண்டு போகிறார்களா? எனக்குப் பதில் தெரியும், சொல்ல விருப்பமில்லை. என்றாலும் கண் பட்டு நழுவியதும் கண்ணே படாததும் ஒன்றென்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

பெசன்ட் நகரில் 1943இல் நிறுவப்பட்ட உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகப் போனால், பேருந்துக் கூட்டம் ஒத்துழைத்தால், அதிக நேரம் ஆகாது. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த சாமிநாதையர், தமக்குக் கிடைத்த ஏட்டுப் பிரதிகள் யாரிடமிருந்து வந்தவை என்று முன்னுரையில் சொல்லிவிடுவார். ஒரு பிரதியில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல். இந்த முரண்தான் அவருக்குச் சரக்கு. எல்லா ஏடும் ஒரே மாதிரி இருந்திருந்தால் பாடபேதம் என்று ஒன்று இருந்திருக்காது. பாடபேதம் இல்லையென்றால் எது பிழை என்று சந்தேகப்படவே வழியில்லை. ஒருவர் திருநெல்வேலியில் செய்த தவற்றைத் தஞ்சாவூர்க்காரர் செய்யவில்லை என்பதால்தான் இருவரையும் எதிரெதிரே வைத்து மூன்றாமவர் உண்மைக்கு அருகில் போக முடிந்தது. பிழைகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டுச் சிதறிக் கிடந்தது நூலுக்குக் காப்பாக இருந்தது. நான் ஓட்டுகிற ஸ்கிரிப்ட் அப்படிச் சிதறுவதில்லை. எல்லாப் பிரதிகளிலும், எல்லா இடங்களிலும், ஒரே நொடியில், ஒரே மாதிரி. பிறகு அந்தக் கோப்பு இணையத்தில் ஏறும். பத்துத் தளங்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளும். பத்திலும் அதே 'கெளரவம்'. எது சரி என்று சந்தேகம் வந்தவர் கூகிளில் இரண்டு வடிவத்தையும் தேடிப் பார்த்து, அதிகம் வருவதை எடுத்துக்கொள்வார். பத்துச் சாட்சி என்று அவர் நினைப்பது ஒரே ஒரு கட்டளையை.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, பலமான வாதம். ஒரே மாதிரி நடந்த தவறை ஒரே மாதிரி திருப்பிவிடலாம். நாற்பது எழுத்தர்கள் நாற்பது விதமாகச் செய்த பிழையைத் தேடிக்கொண்டு ஓர் ஆயுள் போகும். யந்திரப் பிழைக்கு இன்னோர் அரை வரி எதிர்க்கட்டளை. உண்மைதான், திரும்பி வரும் வழி மூடாமல் இருந்தால். 'மெளனம்' 'மௌனம்' ஆனதைத் திருப்பலாம். ஆனால் ஒரு கோப்பில் சில இடங்களில் 'ஐயா', சில இடங்களில் 'அய்யா' என்று இருந்து, எல்லாம் 'ஐயா' ஆனபின், எந்த 'ஐயா' முன்பு 'அய்யா'வாக இருந்தது என்று எந்தக் கட்டளையைக் கேட்பது? இரண்டு ஒன்றாவது எளிது. ஒன்று இரண்டாவதற்குப் பழைய கோப்பு வேண்டும், அல்லது அந்த எழுத்தாளரை நன்றாகத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

ஆங்கிலத்தில் இப்படி நடந்தவற்றைச் சொல்லிச் சிரிப்பார்கள். 2012இல் 'போரும் அமைதியும்' நாவலின் ஆங்கில மின்பதிப்பு ஒன்றில், நெருப்பு மூட்டினார்கள் என்று வரும் இடங்களிலெல்லாம் 'நூக்டு' என்று ஒரு சொல் நின்றது. அமேசானின் கிண்டிலுக்காகத் தயாரித்த கோப்பை, போட்டிக் கருவியான நூக்குக்கு மாற்றும்போது 'கிண்டில்' என்ற பெயரை எல்லா இடத்திலும் எடுத்திருக்கிறார்கள். டால்ஸ்டாயின் மொழிபெயர்ப்பாளர் மூட்டுதல் என்ற பொருளில் எழுதிய சாதாரண 'கிண்டில்'களும் சேர்ந்து போய்விட்டன. ஒரு வாசகர் படித்துக்கொண்டு போகையில் தடுக்கி நின்றதால் தெரியவந்தது. அமெரிக்காவில் பள்ளிப் பாடத்தில் படைப்புவாதம் நுழைவதை எதிர்த்து நடந்த 2005ஆம் ஆண்டு டோவர் வழக்கையொட்டி வெளிவந்தது இன்னும் சுவாரசியமானது. 'பாண்டாக்களும் மனிதர்களும்' என்ற பாடநூலின் வரைவுகளில் 'படைப்புவாதிகள்' என்று வந்த இடத்தில் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றியிருந்தார்கள்; ஓரிடத்தில் பழைய சொல்லின் முதலெழுத்தும் கடைசி எழுத்துகளும் அழியாமல் புதிய தொடரின் இருபக்கமும் ஒட்டிக்கொண்டு நின்றன. பெயர் மாறியது, சரக்கு மாறவில்லை என்பதற்கு அந்த அரைகுறைச் சொல் சான்றாகப் பேசப்பட்டது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, ஒரு மனிதக் கை சறுக்கியதால்தான் தடம் மிஞ்சியது என்பது. சுத்தமாக ஓடிய கட்டளை எதையும் விட்டுவைத்திருக்காது. மொத்தமாகத் தேடி மாற்றுகிற இந்தக் கருவிகளின் பிறப்பே விசித்திரம்தான். 70களில் பெல் ஆய்வகத்தில் லீ மக்மேன் என்பவர், 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகள் 85இல் ஆசிரியர் யாரென்று சண்டை இருந்தவற்றை யார் எழுதினார்கள் என்று நடையை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தார். அவ்வளவு பெரிய உரையில் தேட வழியில்லாமல் இருந்ததைப் பார்த்து கென் தாம்சன் 'கிரெப்' எழுதிக்கொடுத்தார் என்பது கணினிக்காரர்கள் சொல்லும் வரலாறு. அதன் பிறகு 'செட்' எழுதியது அதே மக்மேன். ஓர் ஆளின் கையெழுத்துப் போன்ற நடையை அடையாளம் காணத் தேடியவரின் மேசையிலிருந்தே எல்லார் நடையையும் ஒன்றாக்குகிற கருவியும் வந்தது.

தாம்பரத்துக்கே திரும்புகிறேன். எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், ஒரு பென்டிரைவோடு வந்தார். சங்கம் ஆரம்பித்த காலத்திலிருந்து அனுப்பிய மனுக்கள் எல்லாம் அதில் இருந்தன. "தம்பி, நாமதான் இப்ப மாநகராட்சி ஆயிட்டமே, எல்லா லெட்டர்லயும் ஒரே தட்டுல மாத்திக் குடுத்துருங்க" என்றார். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். அவர் கேட்டதை அப்படியே செய்திருந்தால், 'நகராட்சி' எங்கே கண்டாலும் 'மாநகராட்சி' ஆக்கு என்றால், ஏற்கெனவே 'சென்னை மாநகராட்சி' என்றிருந்த கடிதங்களில் 'சென்னை மாமாநகராட்சி' வந்திருக்கும். அதைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "மாமாதான் சார், வேலை நடக்கணும்னா மாமா வேணும்" என்றார். சிரித்து முடித்தபின் இன்னொன்றையும் சொன்னேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் வீடுகளுக்குள் அடையாற்றுத் தண்ணீர் புகுந்தபோது எழுதிய மனு, காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியருக்கு எழுதியது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அந்த மனுவில் மாவட்டத்தை மாற்றினால், அப்போது இல்லாத ஓர் ஆட்சியருக்கு நாம் மனு கொடுத்தோம் என்றாகும். எந்த அலுவலகம் நம் மனுவைக் கிடப்பில் போட்டது என்பதுதானே அந்தக் காகிதத்தின் மதிப்பு. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப பழசு பழசாவே இருக்கட்டும், லெட்டர்ஹெட்ட மட்டும் மாத்துங்க" என்றார். பல பதிப்பாசிரியர்களைவிட அவருக்கு விஷயம் சீக்கிரம் பிடிபட்டது.

அரசாங்கங்களுக்கும் இந்த ஆசை உண்டு. 2020 ஜூனில், தமிழ்நாட்டில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஒரேயடியாக மாற்றும் ஆணை வெளியாகி, ஆளாளுக்குக் குறைசொல்ல, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயர்களுக்குப் பேச வாய் இருந்தது, அதாவது அந்தந்த ஊர்க்காரர்கள் வாசித்துவிட்டார்கள். 1996இல் ஆங்கிலத்திலும் மெட்ராஸ் சென்னையானது. கிழக்குத் தாம்பரத்தில் 1937 முதல் மரங்களுக்கு நடுவே இருக்கும் கிறித்தவக் கல்லூரி ஆங்கிலப் பெயரில் இன்றும் மெட்ராஸாகவே இருக்கிறது. உயர் நீதிமன்றமும் அப்படித்தான். ஆனால் ஒரு பழைய கதையில் வருகிற கிழவர், செங்கல்பட்டு பக்கத்திலிருந்து வண்டியேறி வந்து, "மெட்ராஸ் போய்ச்சேர்ந்தேன்" என்று சொல்லியிருந்தால், அவருக்காக ஆட்சேபிக்க யார் இருக்கிறார்கள்? ஒரு மறுபதிப்பில் அவர் "சென்னை போய்ச்சேர்ந்தேன்" என்கிறார். அப்படிச் சொல்லும்போது அவர் வேறு ஆளாகத் தெரிகிறார், கொஞ்சம் படித்தவராக, காலருள்ள சட்டை போட்டவராக.

ஒவ்வொன்றாகக் கேட்டு மாற்றும் வசதி எல்லாக் கருவியிலும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஓரிடத்தில் போய் நிற்கும், மாற்றவா என்று கேட்கும், ஆம் என்றால் அடுத்ததற்குத் தாவும். முதல் பக்கங்களில் வரியை முழுக்கப் படித்துவிட்டுத்தான் ஆம் சொல்வேன். பிறகு அந்தச் சொல்லை மட்டும் பார்ப்பேன். கொஞ்ச நேரம் போனால் விசைதான் தெரியும்; கேள்வி வருவதற்கு முன்பே விரல் இறங்கிவிடும். வெளியே பீச் போகிற மின்ரயிலின் அறிவிப்பு கேட்கும், எதிர் வீட்டில் குக்கர் விசில் கேட்கும், திரையில் ஒரு நாவலின் மரணக் காட்சி கடந்து போயிருக்கும். அதனால் கண்ணை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணுக்கும் எல்லை உண்டு என்பது தெரிந்துதான், மாறியதை வேறொருவர் பிற்பாடு கண்டுபிடிக்கும்படி வைத்துவிட்டுப் போகவேண்டும் என்கிறேன். முன்னும் பின்னுமான இரண்டு கோப்புகளை எதிரெதிரே வைத்து வேறுபாட்டை மட்டும் நிறம்பூசிக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நிரல் எழுதுகிறவர்கள் ஒரு காற்புள்ளி மாறினாலும் யார், எப்போது, எதற்கு என்று பதிவுசெய்து வைக்கிறார்கள். சம்பளப் பட்டியல் போடும் நிரலுக்கு இருக்கும் அந்த மரியாதை, பெரும்பாலும் நம் கதைகளுக்கும் கவிதைகளுக்கும் இல்லை. மாற்றிய கோப்பைப் பழையதன் மேலேயே சேமித்துவிட்டு, இடம் அடைக்கிறது என்று சி.டி.யைத் தூக்கிப் போடுகிறோம்.

பதிப்பிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யூனிகோடுக்கு மாற்றி வெளியிடும் நூலின் முன்பக்கத்தில், மூலக் கோப்பு எந்த ஃபாண்டில் இருந்தது, எந்தக் கருவியால் மாற்றினீர்கள், எதையெல்லாம் மொத்தமாகத் திருத்தினீர்கள் என்று ஒரு பத்தி போடுங்கள். சாமிநாதையர் ஏடு கொடுத்தவர்களைச் சொன்னதுபோல. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளையும் அவற்றின் ஃபாண்டையும் வைத்திருப்பவர்கள், மாற்றி முடிந்தபின்னும் அவற்றை அழித்துவிட வேண்டாம். ஒரு பென்டிரைவ் இருந்தால் போதும்.